35 சதவீத ஓட்டு வாங்கியவர் எல்லோரையும் ஆளலாமா? அந்த அதிகாரம் எங்கிருந்து வருது?

கம்பமெட்டு குமார்:

அனைவருக்கும் வணக்கம். எங்க வாசகசாலையில் வர்ற ஞாயிறு "தேர்தலும் ஆட்சியின் அதிகாரமும்" பற்றிப் பேச்சு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மூணு தாலுகாவிலிருந்தும் நம்ம ஆட்கள் வருவாங்க. "மக்களால் மக்களுக்காக"ன்னு ஆரம்பிச்சா டீ குடிக்கப் போயிடுவாங்க. போன கூட்டத்திலேயே மூணு கேள்வி கிளம்பி பதில் இல்லாமல் நிக்குது:

பத்துப் பேரில் மூணு பேர் ஓட்டே போடலை. போட்ட ஏழு பேரில் மூணு பேர் ஓட்டை வாங்கினவர் ஜெயிக்கிறார். மீதி ஏழு பேர் அவர் போடும் வரியை எதுக்குக் கட்டணும்?

தேனிப் பக்கமும் இடுக்கிப் பக்கமும் ரெண்டு பட்டியலிலும் பேர் உள்ளவங்க எல்லையில் இருக்காங்க. அப்படி நடந்த தேர்தல் செல்லுமா?

ஜெயிச்சவங்க அஞ்சு வருஷம் நினைச்சதையெல்லாம் செய்யலாமா?

சட்டமும் நடைமுறையும் தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

தென்காசி வக்கீல்:

குமார் தம்பி, முதல் கேள்விக்கு உங்க பக்கத்துக் கணக்கே இருக்கு. 1957 கேரளத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 35 சதவீத ஓட்டு, 126-ல் 60 இடம். சுயேச்சைகள் ஆதரவோடு ஆட்சி அமைத்தார்கள். 1960-ல் அதே கட்சிக்கு 39 சதவீதம். ஓட்டு கூடியது, ஆனால் கிடைத்தது 29 இடம், ஆட்சி இல்லை. எதிரே இருந்த கட்சிகள் கூட்டணியாகி விட்டன, அவ்வளவுதான் காரணம். பெரும்பான்மை மக்களின் சம்மதம்தான் அதிகாரத்துக்கு வேர் என்றால் இந்த இரண்டு முடிவுமே விளங்காது.

விஷயம் என்னவென்றால், ஓட்டு அதிகாரத்தை உண்டாக்குவதில்லை. அதிகாரம் அரசியலமைப்பில் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. எதைப் பற்றிச் சட்டம் போடலாம், எந்த வரி விதிக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது எல்லாம் அங்கே இருக்கிறது. அந்த நாற்காலியில் யார், எத்தனை காலம் என்பதைத்தான் ஓட்டு தீர்மானிக்கிறது. அதனால்தான் உங்கள் வேட்பாளர் தோற்றாலும் வரி கட்டுகிறீர்கள். வரிச் சட்டம் ஜெயித்தவர் கட்சியின் சொத்து இல்லை. தோற்றவர் நாளை வந்து அதே சட்டத்தை மாற்றலாம். இந்த "நாளை" மெய்யாகவே இருந்தால்தான் இன்றைய தோல்வியை ஒருவர் ஏற்பார்.

பெட்டி திறந்து எண்ணியதுமே அதிகாரம் கைக்கு வந்துவிடாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவை அறிவிக்க வேண்டும் (1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 66). புதிய சபை அமைந்ததாக ஆணையம் அறிவிக்கை வெளியிட வேண்டும் (பிரிவு 73). உறுப்பினர் பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டும் (அரசியலமைப்பு 188). அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் (164). இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஜெயித்தவர் வெறும் ஜெயித்தவர்தான்.

இதற்கு உதாரணம் உங்கள் தேவிகுளம். 2021-ல் 7,848 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த ஆ.ராஜா தமிழில் பிரமாணம் எடுத்தார். சட்டத்துறை கொடுத்த தமிழ் வாசகத்தில் "கடவுள் பெயரால்" என்பதோ "உளமார" என்பதோ எதுவும் இல்லாமல் அந்த இடமே விடுபட்டிருந்தது. ஜூன் 2-ம் தேதி மறுபடியும் பிரமாணம் எடுக்க வேண்டி வந்தது. செல்லாத பிரமாணத்தோடு சபையில் உட்கார்ந்த ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அபராதம் என்று அரசியலமைப்பின் 193-வது பிரிவு சொல்கிறது. ஐந்து நாளுக்கு 2,500 கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தார் சபாநாயகர். ஏழாயிரம் ஓட்டு முன்னிலை இருந்தும் விடுபட்ட அந்தச் சொல்லுக்கு ஈடாகவில்லை, பார்த்தீர்களா?

கொழிஞ்சாம்பாறை மணிமேகலை:

வக்கீல் சார் மேலிருந்து சொல்லிட்டார். நான் பூத்துக்குள்ள இருந்து சொல்றேன், ஏன்னா தோற்றவர் ஒத்துக்கிறதுக்கான காரணம் அங்கதான் தயாராகுது. ஏஜென்டுகளுக்குச் சொல்லித் தர்றவங்க யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மொத்த ஏற்பாடும் தோற்கப்போற வேட்பாளருடைய ஏஜென்டுக்காகத்தான்.

வாக்குப்பதிவுக்கு 90 நிமிஷம் முன்னாடி மாதிரி ஓட்டு. குறைஞ்சது 50 ஓட்டு, நோட்டா உள்பட எல்லாப் பட்டனும் அழுத்தணும். கன்ட்ரோல் யூனிட்டில் (மெஷினில் ஓட்டைச் சேர்த்து வைக்கும் பாகம்) வர்ற எண்ணிக்கையையும் விவிபேட் சீட்டையும் (போட்ட ஓட்டைக் காட்டும் காகிதச் சீட்டு) ஏஜென்டுகள் முன்னாடி ஒத்துப் பார்க்கணும். அப்புறம் 'கிளியர்' அழுத்தி மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். விவிபேட் பெட்டியிலிருந்த மாதிரிச் சீட்டை எடுத்து, பின்னால முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்கணும். தப்பு நடக்கிறது பெரும்பாலும் இந்த 'கிளியர்' விஷயத்தில்தான். காலையில் வரிசை நீண்டுடும், அவசரத்தில் மறந்துடுவாங்க. அப்ப சாயங்காலம் மெஷினில் ஐம்பது ஓட்டு கூடுதலா நிற்கும். கள்ள ஓட்டுன்னு ஊரே கத்தும். எண்ணும் நாளில் அந்த மெஷினைத் தனியா வெச்சிடுவாங்க. ஜெயிச்ச வித்தியாசம் அந்தப் பூத்தின் மொத்த ஓட்டைவிடக் குறைவா இருந்தால் மட்டும் விவிபேட் சீட்டை எண்ணி முடிவு பண்ணுவாங்க.

சாயங்காலம் 'குளோஸ்' அழுத்தினதும் 17சி படிவம். இதுதான் உயிர்நாடி. கன்ட்ரோல் யூனிட் எண், காகித சீல் எண், 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவங்க எத்தனை, அதில் கடைசி நேரத்தில் ஓட்டுப் போட மாட்டேன்னு திரும்பினவங்க எத்தனை, மெஷினில் பதிவான மொத்தம் எத்தனை, எல்லாம் இதில் வரும். நகலை அங்க இருக்கிற ஒவ்வொரு ஏஜென்டுக்கும் கொடுத்து ரசீது வாங்கணும்னு 1961 தேர்தல் நடத்தும் விதிகளில் 49எஸ் சொல்லுது. எண்ணும் மேஜையில் மெஷின் வந்ததும் முடிவு பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடியே உங்க கையிலிருக்கிற நகலோட மெஷின் எண்ணும் மொத்தமும் சேருதான்னு பார்க்கணும். சேரலைன்னா அந்த நிமிஷமே எழுத்தில் ஆட்சேபணை.

நடக்கிறது என்ன? நாலு மணிக்கு ஏஜென்ட் வீட்டுக்குப் போயிடுவார். இல்லைன்னா நிரப்பாத படிவத்தில் மதியமே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவார். பிறகு கட்சி ஆபீஸில் உட்கார்ந்து "மெஷினை மாத்திட்டாங்க"ன்னு பேசினால் யார் நம்புவா? கையில் 17சி நகல் இல்லாத புகாருக்கு எடை கிடையாது. ஜெயிச்சவர் அந்தக் காகிதத்தைத் தேடவே மாட்டார்.

விவிபேட் சீட்டு ஜன்னலில் 7 விநாடி தெரியும், பெட்டியில் விழும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத் குலுக்கலில் எடுத்து சீட்டை எண்ணி மெஷினோட ஒப்பிடறாங்க. 2019-ல் சந்திரபாபு நாயுடுவும் மற்ற எதிர்க்கட்சிக்காரங்களும் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒண்ணை அஞ்சாக்கினது. எல்லாச் சீட்டையும் எண்ணணும்கிற கோரிக்கையை 2024 ஏப்ரலில் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆனா விவிபேட்டில் சின்னம் ஏற்றும் கருவியை 45 நாள் சீல் வெச்சுப் பாதுகாக்கணும், இரண்டாவது மூன்றாவது வந்தவங்க கேட்டால் 5 சதவீத மெஷின்களின் சிப்பைச் சரிபார்க்கணும்னு சேர்த்துச் சொன்னாங்க. கேட்கிற உரிமை யாருக்குன்னு கவனிங்க.

மறையூர் வாசகன்:

சோழர் காலக் குடவோலை இருக்கும்போது இதெல்லாம் நமக்குப் புதுசா? உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லி ஆரம்பிங்க, கூட்டம் கைதட்டும்.

தென்காசி வக்கீல்:

கைதட்டும், பிறகு ஒருவர் எழுந்து கேட்பார்: நிலமும் வீடும் வேதப் படிப்பும் இல்லாதவர் பெயரை அந்தக் குடத்தில் போட்டார்களா? இல்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது அரசியலமைப்பின் 326-வது பிரிவு தந்தது. 21 வயது 18 ஆனது 1989-ல். தோட்டத் தொழிலாளி ஓட்டும் எஸ்டேட் முதலாளி ஓட்டும் ஒரே எடை என்ற கணக்குக்கு சோழர் காலத்தில் வேர் தேட வேண்டாம்.

கம்பமெட்டு குமார்:

வக்கீல் சார், மணிமேகலை அக்கா, நன்றி. இரட்டை ஓட்டு விஷயம்தான் இங்க சூடான பேச்சு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. ஒரு வார இடைவெளி. ரெண்டு பக்கமும் போட்டவங்க ஓட்டு என்ன ஆகும்?

நெடுங்கண்டம் தேர்தல்பித்தன்:

ரெண்டும் செல்லாது. ஒரே பொதுத் தேர்தலில் ரெண்டு தொகுதியில் போட்டால் எல்லா ஓட்டும் செல்லாதுன்னு 1951 சட்டத்தின் 62(3) சொல்லுது. ஒரே ஆள் ரெண்டு இடத்தில் பேர் வெச்சிருக்கக் கூடாதுன்னு 1950 சட்டத்தின் 17-ம் 18-ம் பிரிவுகள். தெரிஞ்சே பொய் உறுதிமொழி கொடுத்திருந்தால் அதே 1950 சட்டத்தின் 31-ன்படி ஓராண்டு வரை சிறை. 2021 சட்டமன்றத் தேர்தலில் ரெண்டு மாநிலத்துக்கும் ஏப்ரல் 6-ம் தேதியே வாக்குப்பதிவு, அதனால் பிரச்சனை குறைவு. தேதி தள்ளி வந்தால் விரல் மையை நம்ப வேண்டியதுதான், எல்லைப் பூத்துகளில் இடது ஆள்காட்டி விரலைப் பார்க்காமல் விடவே கூடாது.

ஆனா "செல்லாது"ன்னு சட்டம் சொல்றதுக்கும் அதைப் பிரிச்செடுக்கறதுக்கும் நடுவில் பெரிய பள்ளம். மெஷினில் விழுந்த ஓட்டு யாருடையதுன்னு யாராலும் சொல்ல முடியாது, சொல்ல முடியக்கூடாது. ரகசியம் அங்க கட்டாயம். அதனால் நீதிமன்றம் ஓட்டைக் கழிக்காது, எண்ணிக்கையைத்தான் பார்க்கும்: நிரூபிக்கப்பட்ட செல்லாத ஓட்டு ஜெயிச்ச வித்தியாசத்தைவிடக் கூடுதலா? கூடுதல்னா "முடிவை பாதித்தது"ன்னு 1951 சட்டத்தின் 100(1)(டி) பிரிவில் தேர்தலே ரத்து ஆகலாம். முப்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயிச்ச இடத்தில் இருநூறு இரட்டை ஓட்டைக் காட்டினா அந்த இருநூறு பேர் மேல வழக்கு வரும், முடிவு மாறாது.

கேரளத்தின் வடக்கு எல்லையில் மஞ்சேஸ்வரம், 2016. முஸ்லிம் லீக்கின் அப்துல் ரசாக் 89 ஓட்டில் ஜெயிச்சார். செத்தவங்க பேரிலும் வெளிநாட்டில் இருக்கறவங்க பேரிலும் ஓட்டு விழுந்திருக்குன்னு தோற்ற பா.ஜ.க. வேட்பாளர் சுரேந்திரன் உயர் நீதிமன்றம் போனார். 89-ஐத் தாண்டற அளவுக்கு ஒவ்வொரு பேரையும் தனித்தனியா நிரூபிக்கணும். ஆளைத் தேடி சம்மன் கொடுக்கணும், அந்தத் தேதியில் எங்க இருந்தார்னு பாஸ்போர்ட்டைக் காட்டணும். வழக்கு இழுத்துக்கிட்டே போச்சு. 2018-ல் ரசாக் இறந்துட்டார், 2019-ல் மனுவைத் திரும்ப வாங்கிட்டாங்க, அப்புறம் இடைத்தேர்தல். முடிவு தப்பா சரியான்னு கடைசிவரை தீர்ப்பே வரலை.

நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் ராதாபுரம் இன்னொண்ணு. அதே 2016, வித்தியாசம் 49. தபால் ஓட்டுகளை நிராகரிச்ச தகராறு. 2019-ல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2021-ல் சட்டமன்றத்தின் காலமே முடிஞ்சுபோச்சு. தேர்தல் மனுவை ஆறு மாசத்தில் முடிக்க முயற்சி பண்ணணும்னு அதே 1951 சட்டத்தின் 86(7) சொல்லுது. அந்த வரியை யாரும் மதிக்கிறதில்லை. நம்ம ஏற்பாட்டில் மோசமான ஓட்டை எதுன்னு கேட்டா, மெஷின் இல்லை, இந்தத் தாமதம்தான்.

தென்காசி வக்கீல்:

பித்தன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. நாமக்கல்லில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது, அரசியலமைப்பின் 329(பி)-க்கு அதுதான் பொருள். முடிவு அறிவித்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. 2,000 ரூபாய் கட்ட வேண்டும். 46-வது நாள் போனால் எவ்வளவு பலமான ஆதாரமும் காகிதக் கட்டு.

பிறகு தேர்தல் ரத்தானால் அதுவரை அவர் சபையில் போட்ட ஓட்டெல்லாம் என்னவாகும்? 1951 சட்டத்தின் 107(2) சொல்கிறது: அதற்கு முன் உறுப்பினராக அவர் பங்குகொண்ட நடவடிக்கைகள் செல்லாமல் போகாது. ஆளின் தகுதி போகும், அரசின் செயல் நிற்கும். இல்லாவிட்டால் ஒரு தொகுதித் தீர்ப்பில் பட்ஜெட்டே கவிழும்.

மறையூர் வாசகன்:

நடுவர் மேலேயே சந்தேகம் இருந்தால் இந்தப் படிவமெல்லாம் எதற்கு? தேர்தல் ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியை எடுத்துவிட்டு ஒரு ஒன்றிய அமைச்சரைப் போட்டது. மூன்றில் இரண்டு ஆளுங்கட்சி. பணத்தையும் பாருங்கள். சட்டமன்ற வேட்பாளருக்கு நம் இரண்டு மாநிலத்திலும் 40 லட்ச ரூபாய் உச்சவரம்பு, கட்சி செலவழிக்க வரம்பே இல்லை.

கொழிஞ்சாம்பாறை மணிமேகலை:

ரெண்டும் நியாயமான குறைதான். நடுவர் மேல நம்பிக்கை குறையக் குறைய பூத்தில் கையெழுத்து வாங்கின காகிதத்துக்கு மதிப்பு ஏறும்னுதான் நான் சொல்வேன். மெஷினே சட்டத்துக்கு வெளியே வந்த கதையும் கேரளத்தில்தான். 1982-ல் பரவூரில் 50 பூத்தில் நாட்டிலேயே முதல் தடவையா மெஷின் வெச்சாங்க. சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயிச்சார். தோற்ற ஏ.சி.ஜோஸ் வழக்குப் போட்டார். மெஷினில் குறைன்னு இல்லை, மெஷினைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமே இல்லைன்னு 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 பூத்துக்கும் சீட்டு முறையில் மறு வாக்குப்பதிவுக்கு உத்தரவு போட்டது. அதில் ஜோஸ் ஜெயிச்சார். ஆணையமே நினைச்சாலும் சட்டம் இல்லாமல் முறையை மாத்த முடியாது. அப்புறம்தான் மெஷினுக்கு இடம் தரும் 61ஏ பிரிவு 1951 சட்டத்தில் வந்தது.

தென்காசி வக்கீல்:

குமார், உங்கள் மூன்றாவது கேள்வி. நினைத்ததையெல்லாம் செய்ய முடியாது. இதற்கு மூன்று கதவுகள் உண்டு.

முதல் கதவு நீதிமன்றம். காசர்கோட்டுப் பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னது: நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் கலைக்க முடியாது. இரண்டு ஆண்டில் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில், பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று கொண்டுவந்த 39-வது திருத்தத்தின் அந்தப் பகுதி இதே அளவுகோலில் விழுந்தது.

நம்மவர்களுக்கு நன்றாகப் புரிவது 2001. மே மாதம் அ.தி.மு.க. பெரிய வெற்றி பெற்றது. டான்சி நில வழக்குத் தண்டனையால் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் தள்ளுபடியாகியிருந்தன. இருந்தும் மே 14-ல் முதல்வரானார். மக்கள் தீர்ப்பு இருக்கிறதே என்பதுதான் வாதம். செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்ற அமர்வு அந்த நியமனத்தை ரத்து செய்தது. மக்களின் விருப்பம் அரசியலமைப்புக்கு உட்பட்டு வந்தால்தான் செல்லும் என்றது. அந்த நாலு மாதத்தில் அரசு சட்டப்படி செய்தவை இதனால் பாதிக்கப்படாது என்றும் சேர்த்தது. கட்சிக்குக் கிடைத்த அதிகாரம் அப்படியே இருந்தது, வேறொருவர் முதல்வரானார்.

இரண்டாம் கதவு சட்டமன்றமே. தேர்தலில் ஜெயித்துவிட்டு நடுவில் பெரும்பான்மையை இழந்தால் ஆட்சி இல்லை. 1965 கேரளம் இன்னும் விசித்திரம். 133 இடத்தில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 40, காங்கிரசுக்கு 36. யாராலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. ஜெயித்தவர்களில் பலர் சிறையில் வேறு. அந்தச் சட்டமன்றம் ஒரு நாள் கூடக் கூடாமலே கலைக்கப்பட்டு 1967 வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. ஓட்டு விழுந்தது, எண்ணியாயிற்று, அறிவித்தாயிற்று, அதிகாரம் மட்டும் பிறக்கவில்லை.

மூன்றாம் கதவு எதிர்ப்புறம் திறப்பது. ஜெயித்த ஆட்சியை மேலிருந்து கலைப்பது. 1959 ஜூலை 31-ல் 1957-ல் வந்த நம்பூதிரிபாடு அரசைச் சட்டமன்றப் பெரும்பான்மை இருக்கும்போதே அரசியலமைப்பின் 356-ஐ (குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான பிரிவு) காட்டிக் கலைத்தார்கள். ஆட்சிக் கலைப்பை எதிர்த்து கர்நாடக முன்னாள் முதல்வர் பொம்மை போட்ட வழக்கின் 1994 தீர்ப்புக்குப் பிறகு பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் தீர்க்க முடியாது, சபையில்தான் தீர்க்க வேண்டும். என் கணக்கில் 1959-ல் நடந்தது அநியாயம், இதைச் சொன்னால் கூட்டத்தில் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இன்னொரு துணுக்கு: கட்சிகளுக்கான தேர்தல் நடத்தை விதிகள் இன்று நாடெங்கும் இருக்கின்றனவே, அவை தொடங்கியதும் 1960 கேரளத் தேர்தலில்தான். கட்சிகள் ஒத்துக்கொண்டு வந்தவை, சட்டமாக்கப்பட்டவை இல்லை.

கம்பமெட்டு குமார்:

இது போதும், மூணு ஞாயிறு ஓட்டலாம். கடைசியா ஒண்ணு: எங்க வார்டு பட்டியலில் தமிழ்நாட்டுக்குக் குடி போனவங்க பேர் இன்னும் இருக்கு. வாக்குப்பதிவு அன்னைக்குத்தான் தடுக்க முடியுமா?

நெடுங்கண்டம் தேர்தல்பித்தன்:

அன்னைக்கு வரை காத்திருந்தா பாதி வேலை போச்சு. அதே தொகுதி வாக்காளர் யாரும் பேரை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுக்கலாம், பி.எல்.ஓ. (பூத் அளவிலான பட்டியல் அலுவலர்) வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தருவார், சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் போகும். பொய்ப் புகார்னா உங்க மேல அதே 31-வது பிரிவு திரும்பும், அதனால் கேள்விப்பட்டதை எழுதாதீங்க. குடி மாறினவரே படிவம் 8 கொடுத்து மாத்திக்கிட்டா இன்னும் நல்லது. வேட்புமனு கடைசி நாளுக்கு அப்புறம் பட்டியலில் ஒரு பேரைக்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க.

அதையும் விட்டுட்டா, இல்லாதவர், மாறினவர், இறந்தவர் பட்டியல்னு ஒண்ணு பூத் அதிகாரிகிட்ட இருக்கும், ஏஜென்டும் கேட்டு வாங்கலாம். அதில் உள்ள ஆள் வந்தால் அடையாள அட்டையும் கைரேகையும் கட்டாயம். ஆளே வேறன்னு சந்தேகம் வந்தால் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம், அதிகாரி அங்கேயே விசாரிச்சு முடிவு சொல்வார். வேணும்னே தொல்லை கொடுத்ததா தெரிஞ்சா 2 ரூபாய் போயிடும். அதுவே, உண்மையான ஆள் வரும்போது அவர் பேரில் ஏற்கெனவே யாரோ போட்டுட்டா அவருக்கு டெண்டர் ஓட்டு, காகிதச் சீட்டில். அது தனி உறையில் போகும், எண்ணும் நாளில் எண்ண மாட்டாங்க. வழக்கு வந்தால்தான் திறப்பாங்க.

கொழிஞ்சாம்பாறை மணிமேகலை:

அந்த 2 ரூபாய்க்கு ரசீது கேட்டு வாங்குங்க. ஆட்சேபணை படிவம் 14-ல் ஏறியிருக்கான்னு பார்த்துட்டு பூத்தை விட்டு வாங்க.